மேலே கல், கீழே களிமண்

ஓம். நான்தான் சொன்னேன். "கையை உள்ளுக்கு விட்டு அமத்திப் பிடி" என்று சொன்னது நான். பரீதா சொன்னது சரி. இத்தனை வருடமாக நீ சொல்லிவருவது பிழை. உன் கடிதத்தின் கடைசி வரியில் இந்தக் கேள்வி இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றரைப் பக்கம்: அழைப்பிதழ் இன்னும் இருபது வேண்டும், அணைக்கட்டு வேலைத்தளத்தில் பத்து நாள் லீவு தந்துவிட்டார்கள், கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்று. பிறகு, "மூதூரில் பரீதா அக்கா ஒரு கதை சொன்னா. அது உண்மையோ அம்மா?" எழுத்தின் சாய்வு மாறவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அழுத்தமும் மாறவில்லை.

நீ லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போனது அழைப்பிதழ் கொடுக்க. பரீதா என்னிடம் படித்தவள். கிண்ணியாப் பிள்ளை, மூதூரில் கலியாணம் முடித்து நாலு பிள்ளைகள். உன் இடது கையைக் கண்டதும் சிரித்திருக்கிறாள். அவள் சொன்னதை நீ அப்படியே எழுதியிருக்கிறாய்: "ரீச்சர் பிடிக்கச் சொன்னாவெண்டு விரலைக் குடுத்த புள்ளையல்லவா நீங்க. எங்கட ஊட்டுல ஒண்டும் சொல்லுக் கேக்குதில்ல. அதுகளுக்கு உங்களைத்தான் சொல்லிக் காட்டுறது." அவளுக்கு அது புகழ்ச்சி. இதற்கு இன்னொரு கதை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் அந்த இன்னொரு கதைதான் இருந்தது. மகனுக்கு ஒன்பது வயது. அம்மா படிப்பிக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. கிட்டப் போகாதே என்று அம்மா சொன்ன கல்லுக்குக் கீழே மகன் கையை விட்டான். கல் விழுந்தது. இப்போது அதை என்னைவிட நீ நன்றாகச் சொல்கிறாய். சிரிக்கவேண்டிய இடங்களைக்கூட நீயே சேர்த்திருக்கிறாய். போன மாதம் மோதிரத்துக்குப் போன பத்தரின் கடையிலும் சொன்னாய். நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம்: நீ, நான், நீ கட்டப்போகிற கிறேஸ். அவளுடைய மோதிரம் சரியாக இருந்தது. உன்னுடையது மோதிரவிரலின் நடு மொளியில், தடித்துப்போன கணுவில், தடைப்பட்டு நின்றது.

"தம்பி, இது விரலோ, இஞ்சிக் கிழங்கோ?" என்றார் பத்தர். "சவர்க்காரம் போட்டாலும் ஏறாது. ஏறினால் இறங்காது."

"இறங்காட்டில் நல்லம்தானே" என்றாள் கிறேஸ்.

"மொளியைத் தாண்டுற அளவுக்குப் பெருப்பிக்கலாம், பிள்ளை. தாண்டின பிறகு கீழ கிடந்து சுழலும். என்ன நடந்தது இந்த விரலுக்கு?"

நீ சிரித்தாய். "அம்மாவின்ர சொல்லுக் கேக்காததுக்குக் கிடைச்ச பரிசு, ஐயா. அவவையே கேளுங்கோ."

பத்தர் என்னைப் பார்த்தார். கிறேஸும் பார்த்தாள். "மழை வரப்போகுது போல" என்றேன். வெளியே நல்ல வெயில்.

நீர்வீழ்ச்சி எப்படி உண்டாகிறது என்று உனக்கு நான் எழுதுவது வேடிக்கைதான். நீ மலைநாட்டில் பாறையைக் குடைந்து சம்பளம் வாங்குகிறவன். ஆனால் நான் என்ன காட்ட நினைத்தேன் என்று தெரியாவிட்டால் என்ன செய்தேன் என்பதும் விளங்காது. வகுப்பில் சொன்னபடியே சொல்கிறேன். ஓர் ஓடை வன்பாறைமேல் ஓடிவருகிறது. ஓரிடத்தில் வன்பாறை முடிந்து மென்பாறை தொடங்குகிறது. தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரித்தான் தொடுகிறது. மென்பாறை முதலில் போகிறது. விரற்கடைப் பள்ளம், பிறகு ஒரு படி. படியிலிருந்து விழும் தண்ணீருக்கு இப்போது வேகம் இருக்கிறது. கூழாங்கற்களைச் சுழற்றி அடியில் கிடங்கு தோண்டுகிறது. வன்பாறைக்குக் கீழே இருக்கும் மென்பாறையையும் உள்ளே உள்ளே அரிக்கிறது. தாங்க ஒன்றும் இல்லாமல் வன்பாறை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது பலமாகத்தான் தெரியும். ஒரு நாள் தன் பாரத்திலேயே முறிந்து விழுகிறது. நீர்வீழ்ச்சி ஓரடி பின்னுக்குப் போகிறது. மறுபடியும் முதலிலிருந்து.

பேராதனையில் படித்தபோது எங்களை நுவரெலியா வீதியில் ஒரு நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லாரும் கொப்பியைத் திறந்து, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று கீறத் தொடங்கினோம். விரிவுரையாளர் எங்களைச் சுற்றி நடந்தார். "நீங்கள் கீறுகிற தட்டு எங்கே கிடக்குது? எனக்கும் காட்டுங்கோ" என்றார். பார்த்தோம். தட்டு ஒன்றும் இல்லை. எங்கள் நாட்டுப் பாறை மிகப் பழையது. மடிந்து, சரிந்து, சில இடங்களில் செங்குத்தாக நிற்பது. தண்ணீர் ஒரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்துகொண்டிருந்தது. மெல்லியது முதலில் போகும் என்பது இங்கேயும் உண்மைதான், ஆனால் அது புத்தகத்தில் இருப்பதுபோலத் தட்டுத் தட்டாக அடுக்கி இருக்காது என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். சோதனையில் புத்தகத்துப் படத்தையே கீறினேன். நல்ல புள்ளி கிடைத்தது. பிறகு திருகோணமலைக்கு வந்து பிள்ளைகளுக்கும் அதே படத்தைத்தான் கீறிக் காட்டினேன். நேராக இருக்கும் படம் மனதில் நிற்கும்.

திருகோணமலைப் பிள்ளைகள் நீர்வீழ்ச்சி கண்டதில்லை. மகாவலி எங்களிடம் வந்து சேரும்போது விழவேண்டிய இடமெல்லாம் விழுந்து முடித்திருக்கும். கொட்டியாரக் குடாவில் மண்ணிறமாக, சத்தமில்லாமல் கடலுக்குள் போகும். அதனால், அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்திய வருடம் கண்காட்சி என்று அறிவித்தபோது, உண்மையான நீர்வீழ்ச்சி ஒன்று செய்வோம் என்றேன். மற்ற வகுப்புகள் பஞ்சில் நீலச் சாயம் தோய்த்து அட்டை மலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. என்னுடையது வேலை செய்யவேண்டும். தம்பலகாமத்து வயற்களி இரண்டு சாக்கு. அதற்கு மேலே, துறைமுகத்து மேட்டில் வீதி வெட்டினபோது எடுத்துப்போட்ட வெள்ளைக் கல் ஒன்று, தட்டையாக, இரண்டு பெரிய பிள்ளைகள் மூச்சுப்பிடித்துத் தூக்கும் பாரம். அந்த மேடும் கோணேசர் மலையும் ஒரே வன்கல். இடையில் இருந்த மெல்லிய கல் போன வழியால்தான் கடல் உள்ளே வந்து துறைமுகம் ஆனது என்று படித்திருந்தேன். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். உயரத்தில் ஒரு தகரப் பீப்பாய், அதில் குழாய், தண்ணீர் வழிந்தோட ஒரு துண்டுப் பீலி. தண்ணீர் கல்லின்மேல் ஓடிவந்து, விளிம்பால் விழுந்து, களியை அரிக்கும். இரண்டு கிழமையில், பதினாலு நாளில், கல் விழும். கண்காட்சியன்று, கல்வி அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது விழவேண்டும். அதுதான் என் கணக்கு. நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே வருவாய். களி எவ்வளவு போயிருக்கிறது என்று அடிமட்டம் வைத்து அளந்து எனக்குச் சொல்வாய். மற்றவர்களைவிட நீதான் சரியாக அளந்தாய்.

அன்று அதிகாரி ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. பத்தாகியும் வரவில்லை. களி நான் நினைத்ததைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பரீதாதான் முதலில் கண்டாள்.

"ரீச்சர், கல்லு சரியுது. தண்ணிய நிப்பாட்டவா?"

"வேண்டாம். அவர் வாற நேரம் ஓடவேணும்."

"அப்ப ஒரு கட்டை வைப்பமா? அடுப்புக் கட்டை ஒண்டு எடுத்திட்டு வாறன்."

"கட்டை வைச்சால் தெரியும். அது கள்ள வேலை."

இந்த வசனத்தை நான் பலமுறை திரும்பக் கேட்டிருக்கிறேன். கட்டை வைப்பது கள்ள வேலை. அதனால் ஈரக் களியை ஓர் உருண்டையாகப் பிடித்தேன். கல்லுக்குக் கீழே குடைந்துபோன இடத்தில் என் கை போகவில்லை. பரீதாவின் கையும் போகவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். "மகன், உன்ர சின்னக் கை. இதை உள்ளுக்கு விட்டு அமத்திப் பிடி. நான் சொல்லும்வரைக்கும் எடுக்காதே." நீ கேட்டாய்: "கல்லு விழாதோ அம்மா?" நான் சொன்னேன்: "நீ பிடிச்சால் விழாது." அந்த நேரம் வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன்.

சத்தம் பெரிதாக இருக்கவில்லை. ஈரமான ஒரு சத்தம். நீ கத்தவில்லை. "அம்மா, விழுந்திட்டுது" என்றாய், அளவு சொல்கிற அதே குரலில். பரீதாவும் இன்னொரு பிள்ளையும் கல்லைத் தூக்கினார்கள். உன் கையை என் சேலைத் தலைப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே அதிபர் அம்மா, அதிகாரி, காரின் திறந்த கதவு. "ஐயோ, என்ன நடந்தது?" என்றார் அதிபர். நான் சொன்னேன்: "கை வைக்க வேண்டாமெண்டு சொன்னனான். கேக்கேல்லை." யோசித்துச் சொன்னதல்ல. மூச்சுவாங்கிக்கொண்டு சொன்னது. ஆனால் நன்றாக அமைந்த வசனம். அதிகாரியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் இருக்கையில் நீ என் மடியில் இருந்தாய். நான் அதைச் சொன்னபோதும் என் தோளில்தான் இருந்தாய். கேட்டிருப்பாய்.

அந்த வருடம் எங்கள் மாதிரிக்கு முதற்பரிசு கிடைத்தது. விழுந்துகிடந்த கல்லை அதிகாரி சுற்றிப் பார்த்து, உண்மையில் இப்படித்தான் விழும் என்று எழுதிவிட்டுப் போனாராம். சான்றிதழ் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, மாட்டவும் இல்லை.

இரண்டாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நீ சொன்னாய்: "அம்மாதானே பிடிக்கச் சொன்னது." வேறு யாரும் பக்கத்தில் இல்லை. ஒரே ஒரு "ஓம்" போதுமாயிருந்தது. நான் சொன்னேன்: "இல்லை மகன். களியை வை எண்டுதான் சொன்னனான். கையை உள்ளுக்கு வைச்சுக்கொண்டிருக்கச் சொல்லேல்லை." பிறகு தண்ணீர் கேட்டாய்.

அப்பாவைப் பற்றி நீ பிழையாக நினைத்துக்கொண்டிருப்பதால் இதையும் எழுதவேண்டும். வெள்ளைக்காரன் போன பிறகும் துறைமுகத்தில் வேலை தப்பினவர்களில் அவர் ஒருவர். சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன வேலையைச் செய்ததால் தப்பினதாக நம்புகிறவர். நீ கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று அவர் உன்னைத் தொடவில்லை. "கட்டு அவிழட்டும். அதுக்குப் பிறகு ஆறு அடி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"பட்டது போதும். விடுங்கோ" என்றேன்.

"நீர் வேண்டாமெண்டு சொல்லியும் கேக்காமல்தானே பட்டவன்?"

"ஓம்" என்றேன்.

கட்டு ஆறு கிழமை இருந்தது. ஆறு கிழமையும் நான் காலையில் எழும்பும்போது இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். சமைப்பேன், பள்ளிக்கூடம் போவேன், கொப்பி திருத்துவேன். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் அடுத்த நாளில் சொல்வதைக் கடினமாக்கியது. அவருக்கு இப்போது இரண்டு காரியம் சொல்லவேண்டும்: நான் செய்தது, நான் மறைத்தது. பிறகு மூன்றாவது: உன்னை அடிக்க விட்டது. கட்டு அவிழ்த்த அன்று பின்னேரம் அவர் உன்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். யன்னல் திறந்திருந்தது. அடிக்க முன் உன்னைக் கேட்டார்: "அம்மா சொன்னதைக் கேட்டியோ, இல்லையோ?" நீ சொன்னாய்: "கேக்கேல்லை அப்பா." ஆறு அடி. வலது உள்ளங்கையில் மட்டும்; இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு சைக்கிளை எடுத்துச் சல்லிக் கடற்கரைக்குப் போய், நீ விரும்பித் தின்கிற இறால் வாங்கிக்கொண்டு வந்தார். உனக்கு இரண்டு கையும் ஏலாது என்று ஒவ்வொன்றாக உரித்து உன் கோப்பையில் வைத்தார். அவரைக் கடுமையான மனிதர் என்று கிறேஸிடம் சொல்லியிருக்கிறாய். அவர் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தவர். உன்னைப்போல.

எனக்கு இன்றுவரை தெரியாத ஒன்று இருக்கிறது. "கேக்கேல்லை" என்று நீ சொன்னது என்னைக் காப்பாற்றவா, அல்லது அதற்குள் நீயே அதை நம்பிவிட்டாயா? உன் கடிதத்தைப் பார்த்தால் நம்பியிருக்கிறாய். ஒன்பது வயதில் உனக்குத் தெரிந்த ஒன்றை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். விரலைவிட இதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. எது பெரிது என்று சொல்லவேண்டியவள் நான் அல்ல.

அதற்குப் பிறகு நீ எதையும் இரண்டுமுறை கேட்டுத்தான் செய்தாய். கடைக்கு அனுப்பினால் வாசலில் நின்று திரும்பக் கேட்பாய். சைக்கிளில் ஏற முன் கேட்பாய். எல்லாரும் நல்ல பிள்ளை என்றார்கள். அப்பா, ஆறு அடி வேலை செய்துவிட்டது என்றார். போன வருடம் சுரங்கத்திலிருந்து எழுதியிருந்தாய்: வன்பாறைக்கு நடுவில் திடீரென்று மெல்லிய சுண்ணாம்புக்கல் பட்டை வந்துவிட்டது, முட்டுக் கொடுக்காமல் ஆட்களை உள்ளே விடமாட்டேன் என்று நின்றேன், பெரியவருக்குக் கோபம், பயந்த எஞ்சினியர் என்று பெயர். "ஒரு விரல் போதும் அம்மா" என்று கீழே எழுதியிருந்தாய். அது நல்ல காரியம். என்னால் வந்த நன்மை என்று அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கலியாணத்துக்கு முன் தாய் எழுதும் கடிதத்தில் ஒரு புத்திமதியாவது இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உனக்கும் பிள்ளைகள் வரும். ஒரு நாள் எதுவோ விழும். என்ன நடந்தது என்று யாராவது கேட்பார்கள். அப்போது முதலில் வாயில் வருவது பெரும்பாலும் நடந்தது அல்ல, நீ தாங்கக்கூடியது. அது எல்லாருக்கும் வரும். அதைத் திருத்த உனக்கு ஓரிரு நாள் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மற்றவர்கள் அதன்மேல் தங்கள் காரியங்களைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அடி, பெயர், பகிடி, ஒரு பிள்ளையின் சுபாவம்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். "நாங்கள்" என்று சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இந்த ஒன்றை வைத்து ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். சேர்ந்து சொல்லும்போது அது மிக இலேசு. அதனால் இங்கே தனியாக எழுதுகிறேன்: நான் சொன்னேன். நீ கேட்டாய். கல் விழுந்தது. நான் பொய் சொன்னேன். இதற்கு நீ மறுமொழி எழுதவேண்டும் என்றில்லை. கலியாணத்தன்று என் பக்கத்தில் நின்று படம் எடுக்க விருப்பமில்லாவிட்டாலும் எனக்கு விளங்கும். மோதிரத்தை வலது கையில் போடலாம் என்று கிறேஸ் அன்று திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள். எந்தக் கையில் என்பது உங்கள் இரண்டு பேரின் காரியம். ஆனால் அது ஏன் இடது கையில் ஏறவில்லை என்பதை அவளுக்குத் திருத்திச் சொல். நான்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தால் எழுது; அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன். பத்தருக்கும் சொல்கிறேன்.

உனக்கு இப்போது தெரியும். பரீதாவுக்கு எப்போதும் தெரியும். தெரியாத ஒருவர் இன்னும் இருக்கிறார்.

தபாலுக்குப் போக முன் சேர்த்தது: மேலே உள்ளதை எழுதி முடித்ததும் மடிக்கவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு முன் விறாந்தைக்குப் போனேன். அப்பா கதிரையில் இருந்து ரேடியோவைத் திருத்திக்கொண்டிருந்தார். "மகனுக்கோ?" என்றார். "முதல் நீங்கள் வாசியுங்கோ" என்றேன். அவர் என்ன சொன்னார் என்பதை அவரே உனக்கு எழுதுவார். நான் செய்தது இவ்வளவுதான்: மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எதிர்க் கதிரையை இழுத்துப்போட்டு, அவர் முகம் தெரியும் இடத்தில் இருந்தேன்.